பாறைக்குள் பழகும் பீர்

1836 ஜூலை 11 அன்று நியூரம்பெர்க்கிலிருந்து ஃபுர்த்துக்குப் புறப்பட்ட ரயிலில் லேடரர் பீர் ஆலையின் இரண்டு பீப்பாய்கள் ஏற்றப்பட்டன. ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் பாதை அதே இரு நகரங்களுக்கிடையில் 1835 டிசம்பர் 7 அன்றுதான் திறக்கப்பட்டிருந்தது. ஜெர்மன் ரயில்வே சுமந்த முதல் சரக்கு என்று வரலாற்றில் பதிவாகியிருப்பது அந்த இரண்டு பீப்பாய் பீர்தான். அவை பயணம் செய்த தூரம் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். இன்றும் இந்தப் பகுதியின் சிற்றூர்களில் காய்ச்சப்படும் பீரில் பெரும்பகுதி அதைவிட அதிக தூரம் போவதில்லை என்பதையும், போகாமல் இருப்பதே அதன் சுவைக்கு ஒரு காரணம் என்பதையும் நான் இங்கே குடியேறிய பிறகுதான் புரிந்துகொண்டேன்.

நான் வசிப்பது பவேரியா மாநிலத்தின் வடபகுதியான ஃபிராங்கோனியாவில். பீர் என்றதும் உலகம் முழுவதும் நினைவுக்கு வருவது மியூனிக் நகரமும் அதன் அக்டோபர் திருவிழாவும்தான். 1810இல் ஓர் அரச திருமணத்தையொட்டித் தொடங்கிய அந்த விழாவை நான் மதிக்கிறேன். ஆனால் கூடாரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் பாடும் இரைச்சலில் ஒரு லிட்டர் குவளையைக் கையில் பிடித்திருக்கும்போது பீரின் மீது கவனம் நிற்பதில்லை. ஃபிராங்கோனியாவில் நிலைமை வேறு. மேல் ஃபிராங்கோனிய மாவட்டத்தில் மக்கள்தொகைக்கு இருக்கும் பீர் ஆலைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகம் என்பார்கள். 1,500 பேருக்கும் குறைவாகவே வாழும் ஆவ்ஃப்செஸ் என்ற ஊராட்சியில் நான்கு ஆலைகள் இருக்கின்றன. அதற்காக அது 2000ஆம் ஆண்டில் கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றது. அந்த நான்கையும் இணைக்கும் நடைபாதையில் ஒரு முழு நாள் நடந்தால், ஒரே பொருட்களைக் கொண்டு நான்கு குடும்பங்கள் நான்கு வகையாகச் சிந்தித்திருப்பதை நாவிலேயே உணரலாம்.

ஜெர்மன் பீரின் பெருமையைப் பேசுபவர்கள் முதலில் 1516ஆம் ஆண்டின் தூய்மைச் சட்டத்தைக் குறிப்பிடுவார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஷ்டாட் நகரில் பவேரியக் கோமகன்கள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் வெளியிட்ட ஆணை, பீரில் பார்லி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது என்றது. பீரை நொதிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. உண்மையில் அந்த ஆணையின் பெரும்பகுதி விலையைப் பற்றியது. குளிர்காலத்தில் ஒரு மாஸ் அளவு பீரை எத்தனை பென்னிக்கு விற்கலாம், கோடையில் எத்தனை பென்னிக்கு விற்கலாம் என்பதுதான் அதன் முதன்மையான கவலை. பின்னாளில், 1906இல், இந்த விதி ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் விரிந்தது. 1987இல் ஐரோப்பிய நீதிமன்றம், வெளிநாட்டு பீர்களைத் தடுக்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

தூய்மைச் சட்டத்தை வழிபடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று பொருட்களை மட்டும் வைத்துக்கொண்டு மோசமான பீரையும் காய்ச்ச முடியும். இந்த நாட்டின் பல்பொருள் அங்காடிகளில் அதற்குச் சான்றுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. லைப்சிக் பகுதியில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்த்துக் காய்ச்சப்படும் கோஸ என்ற புளிப்புப் பீர் எவ்வளவு அருமையானது என்பதை அறிந்தவர்கள், மூலப்பொருட்களின் பட்டியலை மட்டும் வைத்துத் தரத்தை அளக்க மாட்டார்கள். என் பார்வையில் ஜெர்மன் பீரின் குணத்தைத் தீர்மானித்தது 1553இல் பவேரியாவில் வந்த மற்றோர் ஆணை. ஏப்ரல் 23இல் வரும் புனித ஜார்ஜ் நாளிலிருந்து செப்டம்பர் 29இல் வரும் புனித மிக்கேல் நாள் வரை யாரும் பீர் காய்ச்சவே கூடாது என்று அது விதித்தது. கோடைக்காலத்தில் காய்ச்சிய பீர் எளிதில் கெட்டுப்போனதும், வெயில் காலத்தில் ஆலைகளின் அடுப்புத் தீ ஊரையே எரித்துவிடும் என்ற அச்சமும் அதற்குக் காரணங்கள்.

அந்தத் தடையின் விளைவு மிகப் பெரியது. கோடை முழுவதற்குமான பீரை மார்ச் மாதத்துக்குள் காய்ச்சி முடித்து, ஐந்து மாதங்களுக்கு மேல் கெடாமல் பாதுகாக்க வேண்டிய கட்டாயம் ஆலைகளுக்கு ஏற்பட்டது. அதனால் பீரைச் சற்று வலுவாகக் காய்ச்சினார்கள். மெர்ட்சன், அதாவது மார்ச் மாதப் பீர் என்ற வகை அப்படிப் பிறந்ததுதான். குளத்திலும் ஏரியிலும் உறைந்த பனிக்கட்டியை வெட்டியெடுத்து, மலைப்பாறைக்குள் குடைந்த நிலவறைகளில் பீப்பாய்களோடு சேர்த்து அடுக்கினார்கள். அந்தக் குளிரில் சாதாரண ஈஸ்ட் சோர்ந்துவிடும். குளிரைத் தாங்கி மெதுவாக வேலை செய்து, இறுதியில் தொட்டியின் அடியில் படியும் ஈஸ்ட் மட்டுமே அங்கே நிலைத்தது. ஆண்டுக்கு ஆண்டு அதையே எடுத்து அடுத்த முறை காய்ச்சும் பீரில் சேர்த்ததில், யாரும் திட்டமிடாமலேயே ஒரு தேர்வு நடந்துகொண்டிருந்தது. இப்படிக் குளிரில் மெதுவாகப் பக்குவப்படும் பீருக்கு லாகர் என்று பெயர்; இன்று உலகில் குடிக்கப்படும் பீரில் மிகப்பெரும் பங்கு இந்த லாகர் வகை ஈஸ்டால் ஆனது. அது இரண்டு இனங்கள் கலந்து உருவான கலப்பினம்; அந்த இரண்டில் குளிரைத் தாங்கும் இனம் தென் அமெரிக்காவின் பட்டகோனியக் காடுகளில் இயற்கையாக வாழ்வது 2011இல்தான் உலகுக்குத் தெரியவந்தது.

நியூரம்பெர்க் நகரின் கோட்டைக்குக் கீழே மணற்பாறையில் குடையப்பட்ட நிலவறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பீர் காய்ச்சி விற்பவர்கள் சொந்தமாக நிலவறை வைத்திருக்க வேண்டும் என்ற 1380ஆம் ஆண்டின் நகர ஆணைதான் அவற்றைப் பற்றிக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று. கோடையின் உச்சத்தில் மேலே தெருவில் முப்பத்தைந்து டிகிரி வெப்பம் கொளுத்தும்போதும், படியிறங்கி உள்ளே போனால் மேற்சட்டை இல்லாமல் நிற்க முடியாது. சுவரைத் தொட்டால் விரல் நுனியில் ஈரமான மணல் ஒட்டும். உளி பட்ட தடங்கள் வரிசை வரிசையாக அப்படியே இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் மேலே நகரம் தரைமட்டமானபோது ஆயிரக்கணக்கான மக்கள் உயிர்தப்பியது பீருக்காக வெட்டிய இந்த அறைகளில்தான்.

1870களில் மியூனிக்கில் பேராசிரியராக இருந்த கார்ல் லிண்டே உருவாக்கிய குளிர்பதன இயந்திரம் இந்தக் கதையை மாற்றியது. அதற்குப் பணமும் இடமும் கொடுத்து ஊக்கப்படுத்தியவர்களில் ஷ்பாட்டன் ஆலையின் உரிமையாளர் கப்ரியேல் செட்ல்மயர் முக்கியமானவர். பனிக்கட்டி தேவையில்லை, பாறை தேவையில்லை, எந்த நாட்டிலும் எந்தப் பருவத்திலும் லாகர் காய்ச்சலாம் என்ற நிலை வந்தது. இயந்திரம் குளிரை எளிதாக்கியது. காலத்தை மட்டும் அதனால் சுருக்க முடியவில்லை. நொதித்து முடிந்த இளம் பீரில் வெண்ணெய் வாடையும், பச்சை ஆப்பிளின் வாடையும், கந்தக வாடையும் இருக்கும். ஈஸ்ட் அவற்றைத் திரும்ப உட்கொண்டு நீக்குவதற்கும், மிதக்கும் புரதங்கள் அடியில் படிவதற்கும், நீர் உறையும் நிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரிய தொழிற்சாலைகள் வெப்பத்தைக் கூட்டி, அழுத்தத்தைக் கூட்டி, வடிகட்டி, இந்தக் காத்திருப்பைக் குறைக்கின்றன. சிற்றூர் ஆலைக்காரர் காத்திருக்கிறார். இரண்டு கோப்பைகளையும் அருகருகே வைத்துக் குடித்தால், முதலாவதில் ஏதோ ஒன்று முடிவடையாமல் நிற்பதும், இரண்டாவது முழுமையாக அடங்கியிருப்பதும் தெரியும்.

இந்த அடக்கத்தைத்தான் நான் ஜெர்மன் பீரில் முதன்மையாக நேசிக்கிறேன். நிறையப் பழச்சாறும் நிறைய ஹாப்ஸும் சேர்த்த புதுவகைப் பீர்களில் ஒரு குறை இருந்தால் அதை மணம் மறைத்துவிடும். ஐந்து விழுக்காடு ஆல்கஹால் கொண்ட, பொன்னிறமான, எளிமையான ஹெல்லஸ் பீரில் எதையும் மறைக்க முடியாது. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், பழையதாக இருந்தால் தெரியும். குழாய் சுத்தமாக இல்லாவிட்டால் தெரியும். நொதிக்கும்போது வெப்பம் இரண்டு டிகிரி கூடியிருந்தாலும் தெரியும். முதல் மிடறில் வியப்பூட்டாத, ஆனால் கடைசி மிடறு வரை சலிக்காத ஒன்றைச் செய்வது கடினமான கலை.

அதற்கு நேர்மாறாக, முதல் மிடறிலேயே திடுக்கிட வைக்கும் ஒரு பீரும் ஃபிராங்கோனியாவில் இருக்கிறது. நியூரம்பெர்க்கிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய பாம்பெர்க் நகரம், 1993இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரம். அதன் பேராலயத்துக்குக் கீழே, குறுகலான டொமினிகானர் தெருவில் ஷ்லென்கர்லா என்ற மதுச்சாலை இருக்கிறது. 1405ஆம் ஆண்டின் ஆவணத்தில் முதன்முதலாகக் குறிப்பிடப்படும் அந்த வீட்டில் ஊற்றப்படுவது ரவுக்பீர், அதாவது புகைப் பீர். முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது, கீழே பீச் மரக்கட்டைகளை எரித்து, அந்தப் புகை நேரடியாகத் தானியத்தின் ஊடே போகும்படி விடுகிறார்கள்.

இது ஒரு புதுமை அல்ல என்பதுதான் இதில் என்னை மிகவும் ஈர்ப்பது. ஒரு காலத்தில் விறகுத் தீயில் மால்ட் உலர்த்திய ஊர்களில் எல்லாம் பீரில் புகை மணம் இருந்தது. புகை படாமல் சூடான காற்றால் உலர்த்தும் முறை இங்கிலாந்தில் முதிர்ந்தது. 1833இல் செட்ல்மயரும் வியன்னாவைச் சேர்ந்த அன்டோன் டிரெஹரும் பிரிட்டன் முழுவதும் சுற்றி அங்குள்ள ஆலைகளின் நுட்பங்களைக் கற்றுத் திரும்பினார்கள். உட்குடைவுள்ள கைத்தடியில், மால்ட்டிலிருந்து வடித்தெடுத்த இனிப்புச் சாறான நொதிநீரின் மாதிரிகளை மறைத்து எடுத்துவந்தார்கள் என்ற கதையும் அவர்களைப் பற்றி உண்டு. 1841இல் வியன்னாவில் டிரெஹரின் செம்பொன் நிற லாகர் வந்தது. 1842 அக்டோபரில் பவேரியரான ஜோசஃப் குரோல் பொஹீமியாவின் பில்சன் நகரில் வெளிர் பொன்னிறப் பீரைக் காய்ச்சினார். அதன் பிறகு உலகமே அந்தப் பொன்னிறத்தின் பின்னால் போய்விட்டது. பாம்பெர்க்கில் ஷ்லென்கர்லாவும், 1536இலிருந்து இயங்கும் ஷ்பெட்சியால் ஆலையும் மட்டும் தங்கள் மால்ட்டைத் தாங்களே புகையில் உலர்த்தும் வழக்கத்தைக் கைவிடவில்லை.

ஷ்லென்கர்லாவில் பீர், மேசைக்கு அருகில் சாய்த்து வைத்த மரப் பீப்பாயிலிருந்து தானாகவே இறங்குகிறது. அதைத் தள்ளுவதற்கு வாயு அழுத்தம் எதுவும் கிடையாது. நிறம் கருமையை ஒட்டிய பழுப்பு. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் சிவப்பு தெரியும். மேலே நிற்கும் நுரை பழுப்பு கலந்த வெண்மை. வாசனையைப் புகையிட்ட பன்றி இறைச்சி என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்கோ, விறகடுப்பில் அடிப்பிடிக்காமல் காய்ச்சிய பாலின் மேல் படியும் அந்தப் புகை மணம்தான் முதலில் எழுகிறது. முதல் கோப்பையில் புகை மட்டுமே தெரியும். இரண்டாவதில் அதற்குப் பின்னால் இருக்கும் மால்ட்டின் இனிப்பும், முடிவில் வரும் உலர்ந்த கசப்பும் வெளிப்படத் தொடங்கும். மூன்றாவதில் புகையை நாம் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மதுரையிலிருந்து வந்திருந்த என் மைத்துனரை அங்கே அழைத்துச் சென்றபோது, முதல் மிடறிலேயே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “என்ன மாப்பிள்ளை, கரிக்கட்டையைக் கரைச்சு ஊத்தியிருக்காங்களா?” என்றார். எதிரே அமர்ந்திருந்த முதியவர் மொழி புரியாமலேயே அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கை விரல்களால் மூன்று என்று காட்டினார். மைத்துனர் பிடிவாதக்காரர், மூன்றாவதையும் வாங்கிக் குடித்தார். மறுநாள் காலை பாம்பெர்க்கை விட்டுக் கிளம்புமுன் ஊருக்கு எடுத்துச் செல்ல இரண்டு புட்டிகள் வேண்டும் என்று அவரே கேட்டார்.

அங்கே விற்கும் ஹெல்லஸ் வகையைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதில் புகையிட்ட மால்ட் சேர்ப்பதே இல்லை. ஆனாலும் அதே கொப்பரைகளில் காய்ச்சி, புகைப் பீரில் வளர்ந்த அதே ஈஸ்டைப் பயன்படுத்துவதால், மெல்லிய புகை அதிலும் வந்துவிடுகிறது. ஓர் ஆலையின் சுவர்களும் பாத்திரங்களும் உயிரிகளும் பீரின் சுவையில் பங்கெடுக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கோடையில் பாம்பெர்க் மக்கள் மலையேறுகிறார்கள். ஷ்டெஃபான்ஸ்பெர்க் குன்றின் உள்ளே பழைய பீர் நிலவறைகள் இருக்கின்றன. அவற்றின் மேல்தரையில் குளிர்ச்சி குறையாமல் இருக்க, அகன்ற இலைகளும் ஆழமாக இறங்காத வேர்களும் கொண்ட குதிரைக் கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் பலகைகளைப் போட்டு அங்கேயே விற்கத் தொடங்கியதில்தான் பீர்த் தோட்டம் என்ற வழக்கம் உருவானது. மியூனிக் நகருக்குள்ளிருந்த விடுதிக்காரர்கள் தங்கள் வியாபாரம் கெடுவதாக முறையிட்டபோது, 1812இல் அரசர் முதலாம் மேக்ஸிமிலியன் ஜோசஃப் ஒரு சமரசம் செய்தார்: ஆலைக்காரர்கள் நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ஆனால் ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக்கூடாது. மக்கள் வீட்டிலிருந்து உணவைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். உணவு விற்கத் தடை நீங்கிப் பல காலம் ஆகியும், சொந்த உணவைக் கொண்டுவந்து உண்ணும் உரிமை பவேரியாவில் இன்றும் போற்றப்படுகிறது. நாங்கள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துச் செல்வது உண்டு. புளிப்பும் மஞ்சளும் கடுகும் கலந்த அந்தச் சாதத்துக்கு, வடிகட்டாத, அதிகம் நுரைக்காத கெல்லர்பீர் மிகப் பொருத்தமான துணை. அதன் மால்ட் இனிப்பு காரத்தைத் தணிக்கிறது. கசப்பு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிறது. அரை லிட்டர் கற்குவளையை இங்கே சைட்லா என்கிறார்கள். ஷ்பெட்சியால் ஆலையின் தோட்டத்தில் அமர்ந்தால் பேராலயத்தின் நான்கு கோபுரங்களும் எதிரே தெரியும்.

கோதுமைப் பீரையும், கொலோன் நகரில் இருநூறு மில்லிலிட்டர் மெல்லிய கோப்பைகளில் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் கோல்ஷையும், டியூசல்டோர்ஃப்பின் கசப்பான ஆல்ட்பீரையும் நான் விரும்புகிறேன். அவை தனித்தனியே எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய உலகங்கள் என்பதால் இங்கே அவற்றுக்குள் போகவில்லை.

வீட்டிலேயே பீர் காய்ச்சுவது ஜெர்மனியில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. சுங்க அலுவலகத்தின் விதிகளுக்கு உட்பட்டு, சொந்தப் பயன்பாட்டுக்காக ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சலாம்; 2024க்கு முன்பு அந்த வரம்பு 200 லிட்டராக இருந்தது. விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம் என்பதால், அங்கிருந்து படிப்பவர்கள் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு கைத்தொழிலின் விவரணையாகப் படிக்க வேண்டுகிறேன்.

மூலப்பொருட்களுக்கு நான் அதிகம் அலைய வேண்டியதில்லை. உலகெங்கும் வீட்டில் காய்ச்சுபவர்கள் அறிந்த வெயர்மான் மால்ட் ஆலை, 1879இலிருந்து பாம்பெர்க்கில்தான் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தூரத்தில் அதன் செங்கல் கோபுரங்கள் தெரியும். ஹாப்ஸுக்கு நியூரம்பெர்க்குக்குத் தெற்கே ஷ்பால்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. தன் ஹாப்ஸின் தரத்தை உறுதிசெய்யும் முத்திரையை அது 1538இலேயே பெற்றது. அங்கே விளையும் ஹாப்ஸில் பழமணம் தூக்கலாக இருக்காது. ஈர மண், காய்ந்த புல், சிறிது மிளகு என்ற அமைதியான மணம். இருபது லிட்டர் அடர்நிற லாகருக்கு நாலரை கிலோ மால்ட் போதும். அதில் பெரும்பங்கு, சற்றுக் கூடுதல் வெப்பத்தில் உலர்த்திய மியூனிக் மால்ட். எங்கள் பகுதிக் குழாய் நீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால், லாக்டிக் அமிலம் படிந்த புளிப்பு மால்ட்டை ஒரு கைப்பிடி சேர்த்து அமிலத்தன்மையைச் சரிசெய்கிறேன். அமிலத்தை நேரடியாக ஊற்றத் தூய்மைச் சட்டம் இடம் தராததால், தானியத்தின் வழியாகவே அதைக் கொண்டுவரும் இந்த முறை ஜெர்மன் ஆலைகளில் நெடுநாள் வழக்கம்.

நான் மிகவும் விரும்பிச் செய்யும் பகுதி, உடைத்த மால்ட்டும் வெந்நீரும் கலந்த கஞ்சியில் ஒரு பங்கைத் தனியே கொதிக்கவைக்கும் பழைய முறை. வெப்பமானி இல்லாத காலத்தில், மொத்தக் கலவையின் வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்த அவர்கள் கண்டுபிடித்த வழி அது: மூன்றில் ஒரு பங்கு கெட்டியான கஞ்சியை அள்ளி வேறு பாத்திரத்தில் கொதிக்கவைத்து, திரும்பப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினால், மொத்தமும் அடுத்த படிக்கு வெப்பமடையும். 63 டிகிரியில் இருந்த கலவை 72 டிகிரிக்கு ஏறும். முதல் வெப்பநிலையில் ஒரு நொதியும் அடுத்ததில் இன்னொரு நொதியும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. கொதிக்கும் அந்தப் பங்கை அடி பிடிக்காமல் கால் மணி நேரம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழிகள் கனமாக வெடித்து மணிக்கட்டில் தெறிக்கும். மெல்ல மெல்ல அதன் நிறம் ஒரு படி கருமையாகி, ரொட்டியின் மேலோட்டு மணம் சமையலறை முழுவதும் பரவும். வெப்பமானியும் தானியங்கி அடுப்பும் இருக்கும் இந்தக் காலத்தில் இது தேவையற்ற உழைப்பு என்று பல ஆலைகள் கைவிட்டுவிட்டன. அடர்நிற லாகரில் அந்த மணம் வேறு எந்த வழியிலும் இதே ஆழத்தோடு வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு எல்லாம் பொறுமை. ஹாப்ஸுடன் கொதித்து ஆறிய நொதிநீரிலிருந்து ஒரு பகுதியை எடுத்துத் தனியே பாதுகாத்து வைப்பேன்; பிற்பாடு புட்டியில் அடைக்கும்போது அதையே சேர்த்தால், வெளியிலிருந்து சர்க்கரையோ வாயுவோ இல்லாமல் பீர் தானே நுரைக்கும். மீதியை ஒன்பது டிகிரிக்குக் குளிர்வித்து, 34/70 என்ற எண்ணால் உலகமெங்கும் அறியப்படும் வைஹென்ஷ்டெஃபான் ஈஸ்டைத் தாராளமாகச் சேர்ப்பேன். குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகும் என்பதால், மற்ற பீர்களைவிட இரு மடங்கு தேவை. நொதித்தல் அடங்கும் தறுவாயில் சில நாட்கள் வெப்பத்தைச் சற்று உயர்த்தி வெண்ணெய் வாடையைப் போக்கிவிட்டு, புட்டிகளில் அடைத்து, நுரை கட்டியதும் நிலவறையில் இருக்கும் பழைய குளிர்பதனப் பெட்டிக்குள் அடுக்கிவிடுவேன். ஆறு முதல் எட்டு வாரம் வரை அதைத் திறக்காமல் இருப்பதற்கு மன உறுதி வேண்டும். ஆனால் நான்காம் வாரத்தில் கூர்மையாக இருக்கும் கசப்பு எட்டாம் வாரத்தில் மால்ட்டோடு கலந்து உருண்டு நிற்பதைச் சுவைத்துவிட்டால், அடுத்த முறை காத்திருப்பது எளிது.

வீட்டுப் பீருக்கும் ஆலைப் பீருக்கும் இடையே ஒரு மூன்றாம் வழி, கிழக்கே செக் எல்லையை ஒட்டிய ஓபர்ஃபால்ஸ் பகுதியில் வாழ்கிறது. அங்கே விண்டிஷெஷென்பாக், ஃபால்கன்பெர்க், மிட்டர்டைக், எஸ்லார்ன், நாய்ஷ்டாட் ஆகிய ஊர்களில் பொதுக் காய்ச்சுக் கூடங்கள் இருக்கின்றன. உரிமையுள்ள குடும்பம் ஒன்று தன் முறை வரும்போது விறகு மூட்டி அங்கே காய்ச்சுகிறது. ஆழமற்ற அகன்ற தொட்டியில் இரவெல்லாம் ஆறிய நொதிநீரைக் காலையில் தன் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய் ஈஸ்ட் சேர்த்துப் பக்குவப்படுத்துகிறது. பீர் தயாரானதும் வீட்டு வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ட்சோய்கல் என்ற அந்தப் பீரைக் குடிக்க, அந்த வீட்டுக் கூடத்திலேயே போய் அமர வேண்டும். வார இறுதியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் திறந்திருக்கும். அடுத்த வாரம் வேறொரு வீடு. 2018இல் இந்தப் பண்பாடு ஜெர்மனியின் உயிர்ப்புள்ள மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஒரே கொப்பரை, ஒரே தண்ணீர். ஆனால் வீட்டுக்கு வீடு சுவை மாறுகிறது. ஒரு வீட்டில் மங்கலான ஆரஞ்சு நிறத்தில், மெல்லிய ஈஸ்ட் மணத்தோடு; அடுத்ததில் தெளிவாக, நாக்கில் உறைக்கும் கசப்போடு. காலியான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே, யாராக இருந்தாலும் அவர்களோடு ஒரே மேசையில் அமர வேண்டும். நாங்கள் ஒருமுறை போனபோது அந்த வீட்டுப் பெண்மணியே பீரைக் கொண்டுவந்து வைத்து, இது அவருடைய மகன் முதன்முதலாகத் தனியே காய்ச்சியது என்று சொல்லிவிட்டு, நாங்கள் முதல் மிடறு குடிக்கும்வரை மேசையருகே நின்றுகொண்டிருந்தார். அந்தப் பீரில் கசப்பு ஒரு படி கூடுதல். அதை அவரிடம் சொன்னபோது முகம் மலர்ந்து, தன் கணவரும் அதையேதான் சொன்னதாகவும், மகன் மட்டும் அப்படித்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாகவும் சொன்னார்.

இங்கே வந்து குடிக்க வாய்ப்பில்லாதவர்களுக்கு ஏற்றுமதிப் புட்டிகள் இருக்கின்றன. நான் சிங்கப்பூரில் பணியாற்றிய காலத்தில் ஜெர்மன் பீரை அறிந்ததும் அவற்றின் மூலம்தான். கப்பலில் வெப்ப மண்டலத்தைக் கடந்துவரும் வெளிர் லாகருக்கு அந்தப் பயணம் நல்லதல்ல. ஆக்ஸிஜன் பட்டுப் பட்டு ஹாப்ஸின் மணம் முதலில் மறையும். பிறகு நனைந்த அட்டைப்பெட்டியின் சுவை தலைகாட்டும். பச்சைப் புட்டி வெளிச்சத்தைத் தடுக்காது என்பதால், கடை அலமாரியின் விளக்கில் ஹாப்ஸின் கசப்புப் பொருட்கள் சிதைந்து துர்நாற்றம் உண்டாகும். ஆகவே பழுப்புப் புட்டியைத் தேர்ந்தெடுங்கள். பயன்படுத்தக்கூடிய கடைசி நாள் இன்னும் தொலைவில் இருக்கிறதா என்று பாருங்கள். அடர்நிறமும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் வலுவும் கொண்ட டோப்பல்போக் வகை நெடும்பயணத்தை ஹெல்லஸைவிட நன்றாகத் தாங்கும். கோதுமைப் பீரில் அடியில் படிந்த ஈஸ்டும் கோப்பைக்குள் வர வேண்டும். கடைசி இரண்டு விரற்கடை பீரைப் புட்டியோடு சுழற்றி ஊற்றுங்கள். பனிக்கட்டி போலக் குளிர வைத்தால் மால்ட்டின் சுவை முழுவதும் மூடிக்கொள்ளும்; குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்து, எட்டு அல்லது ஒன்பது டிகிரியில் குடிக்கலாம். சோப்புப் பிசுக்கில்லாத கண்ணாடிக் கோப்பை வேண்டும். இல்லையென்றால் நுரை நிற்காது. பாம்பெர்க் ரவுக்பீரும் பல நாடுகளுக்குப் போகிறது, புகையின் காப்பால் அது தூரத்தையும் ஓரளவு தாங்குகிறது. எங்கேயாவது கண்ணில் பட்டால், ஒரே புட்டியோடு நிறுத்தாமல் மூன்றாக வாங்குங்கள்.